சூரியபிரகாஷின் பாலாடை

முனீஸ்வரி வீட்டு சில்வர் அண்டாவில் தண்ணீர் நிற்கவில்லை. ராத்திரி வழிய வழியப் பிடித்து மூடி வைத்தால், விடியும்போது நாலு விரற்கடை இறங்கியிருக்கும். தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. அவனியாபுரத்தில் இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைப்பவளுக்குத் தண்ணீர்தான் எல்லாம். ஒரு நாள் அண்டாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, பாத்திரம் பற்றவைக்கும் விருமாண்டியிடம் போனாள். ஆட்டோவில் இருந்தவர்கள் முனகியதற்கு, அண்டாவுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருப்பதாகவும் இடிக்கிறது என்றால் அவர்கள் இறங்கி நடக்கலாம் என்றும் சொல்லிவிட்டாள். அவள் வாய் அப்படி.

விருமாண்டி அண்டாவை வெயிலில் தூக்கிப் பார்த்தான். உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். தண்ணீர் நிரப்பி, சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"ஓட்டை இருந்தாத்தானக்கா அடைக்க முடியும்? இல்லாத ஓட்டைய நான் எங்கிட்டுப் போயி அடைக்க?"

அப்புறம் அவள் சந்தேகப்படாத ஆள் பாக்கியில்லை. பூனையைச் சந்தேகப்பட்டாள், மாடியில் குடியிருப்பவர்களைச் சந்தேகப்பட்டாள், புருஷன் மலைச்சாமியையும் விட்டுவைக்கவில்லை. பக்கவாட்டுக் கொட்டகையில் கட்டியிருந்த செவலைக் காளையைக்கூடக் கேட்டுப் பார்த்திருப்பாள். ஆனால் அது அந்த அண்டாத் தண்ணீரைத் தொடுவதே இல்லை. அதிலிருந்து மொண்டு வைத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கயிறு அறுகிற மட்டும் பின்னால் இழுக்கும்.

இன்னொன்றும் இருந்தது. அதிகாலையில் கிரைண்டர் போட அவள் எழுந்திருக்கும்போது, அண்டா இருக்கும் மூலையிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வரும், யாரோ சப்புக்கொட்டுவது மாதிரி. லைட்டைப் போட்டால் நின்றுவிடும். பல்லி என்று முடிவுகட்டிக்கொண்டாள். எதையாவது ஒரு பல்லி தலையில் போட்டுவிட்டால்தான் மனுஷருக்கு வேலை ஓடும்.

அந்த அண்டா கடையில் வாங்கியதல்ல, செவலை ஜெயித்தது. மேற்கே பொட்டங்குளம் ஜல்லிக்கட்டில், சில வருஷங்களுக்கு முந்தைய தையில், செவலை வாடிவாசலை விட்டு வெளியே வந்தபோது ஒரு பையன் திமிலில் தாவினான். செவலை அவனை உதறிப் போட்டது. அதோடு போயிருக்கலாம். திரும்பி வந்து ஒரு தடவை தலையை ஆட்டியது. நாலு பேர் அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடுகையில், மைக்கில் பேசியவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். மாடு பிடிபடவில்லை, மாட்டுக்காரர் அவனியாபுரம் மலைச்சாமி வந்து அண்டாவை வாங்கிக்கொள்ளவும் என்றார். இதையெல்லாம் முனீஸ்வரி வீட்டில் உட்கார்ந்து செல்போனில் நேரலையாகப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரிலிருந்து தொங்கிய அந்தப் பையனின் கை மட்டும் அவள் கண்ணிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பையன் பிழைத்தான் என்று சேதி வருகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று படுத்துவிட்டாள். மலைச்சாமி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். கடைசியில் ஒரு சாயங்காலம் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பொழச்சுக்கிட்டான். பேரு பால்பாண்டியாம். தையல் போட்டிருக்காக, எந்திரிச்சு உக்காந்துட்டான்" என்றார். அவள் எழுந்து உலை வைத்தாள்.

அந்தச் சித்திரையிலேயே பால்பாண்டி திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். அதற்கடுத்து ஒரு பெண்ணை விரும்பி, யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். பிறகு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. சேதி எல்லாம் மலைச்சாமி கொண்டுவந்ததுதான். பொட்டங்குளம் பக்கம் வைக்கோல் வாங்கப் போகிறவர் அவர்.

"பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்காகளாம்?" என்று கேட்டாள் முனீஸ்வரி.

மலைச்சாமி செவலையைப் பார்த்துக்கொண்டே, "சூரியபிரகாஷ்" என்றார்.

முனீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அவர்கள் இரண்டு பேரும் ஒரு காலத்தில் எடுத்து வைத்திருந்த பெயர். வைத்துக் கூப்பிட ஆள் வரவில்லை. வயிற்றில் தங்கிய ஒன்றும் பாதியில் போனது. அதே பெயரை யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒரு பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டபோது, பொறாமைக்குப் பதிலாக ஒரு நிம்மதி வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மறுநாளே தெற்குவாசல் பாத்திரக் கடையில், குழந்தைக்குப் பால் புகட்ட மூக்கு வைத்த ஒரு சில்வர் பாலாடை வாங்கினாள். வழக்கப்படி பெயர் வெட்டச் சொன்னாள். புள்ளி புள்ளியாக 'சூரியபிரகாஷுக்கு, முனீஸ்வரி' என்று வெட்டிக் கொடுத்தார்கள். கல்லாப்பெட்டி மேல் கை தவறி விழுந்ததில் விளிம்பு நசுங்கி ஒரு சொட்டை விழுந்தது. அதற்காகக் கடைக்காரனிடம் சண்டை போட்டாள். மஞ்சப்பையில் போட்டு மலைச்சாமியிடம் கொடுத்தனுப்பினாள். குடுத்துட்டேன் என்று வந்து சொன்னார்.

அதற்கப்புறம் சாயங்காலத்தில் அவர்களுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது. பல் முளைத்துவிட்டதா என்று அவள் கேட்பாள். கீழே ரெண்டு என்பார் அவர். சொல்லும்போது அவர் முகமும் மலர்ந்துதான் இருக்கும். தண்ணீர் குறைய ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். அதை இதோடு சேர்த்து நினைக்க அவளுக்கு அப்போது ஒரு காரணமும் இல்லை.

இப்படியிருக்கையில் ஜெஸி வந்தாள். திருநகரில் வாத்தியார் வீட்டுப் பெண். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்து, முனீஸ்வரியின் தெருவுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த ஒரு லேத்துப் பட்டறையை வாடகைக்குப் பிடித்திருந்தாள். மாவு வாங்க வருகிறவள், ஒரு நாள் மாவோடு வேறொன்றும் கேட்டாள்.

"அக்கா, ஞாபகத்துக்குன்னு வீட்ல ஏதாச்சும் வச்சிருப்பீங்கள்ல, அப்படி ஒண்ணு தாங்க. கண்காட்சிக்கு."

வேளாங்கண்ணிச் சிப்பி விளக்கு, கொடைக்கானல் மரப் பேனா ஸ்டாண்டு, குற்றாலத்துச் சாவிக்கொத்து, கல்யாணத்தில் வந்து ஒரு நாளும் ஓடாத கடிகாரம் என்று தெருவிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பலரும் கொடுத்திருந்தார்கள். எல்லார் வீட்டிலும் ஷோகேசில் தூசி தின்றுகொண்டிருந்தவைதான். ஜெஸி சிப்பிகளுக்குள் மெழுகு ஊற்றினாள், கடிகாரத்தின் முகத்தைக் கண்ணாடியாக்கினாள். எல்லாவற்றையும் தலைகீழாகக் கூரையிலிருந்து தொங்கவிட்டாள்.

"நிமிர்ந்தே பாத்துப் பாத்து நமக்குக் கண்ணு மரத்துப் போச்சுக்கா. கவுத்துப் பாத்தாத்தான் எப்ப வாங்குனோம், ஏன் வாங்குனோம்னு ஞாபகம் வரும்."

"அப்ப இனிமே மாவையும் கவுத்துக் குடுக்கவா?" என்றாள் முனீஸ்வரி. ஆனால் யோசித்துப் பார்க்கையில் அண்டாவைத் தள்ளிவிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று பட்டது. "இந்தா பாப்பா, ஜல்லிக்கட்டுல வந்தது. தண்ணி நிக்காத அண்டா. கவுத்தே வச்சுக்க."

அண்டா போனதும் வீட்டில் விடியற்காலைச் சத்தம் நின்றது. பல்லியும் அதோடு போய்விட்டது போலிருக்கிறது என்று மலைச்சாமியிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

கண்காட்சி திறந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் முனீஸ்வரி பார்க்கப் போனாள். பட்டறைக்குள் எண்ணெய் வாடை இன்னும் இருந்தது. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாக விழுந்தது. ஊரார் வீட்டு ஞாபகங்களெல்லாம் தலைக்கு மேலே ஆடாமல் தொங்கின. குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது. அவளுடைய அண்டா பின்சுவர் ஓரமாகக் கோயில் மணி மாதிரி கவிழ்ந்து தொங்கியது. அதன் வாய்க்கு நேர் கீழே, கம்பி கட்டி, அந்தரத்தில் ஒரு பாலாடை.

அது மட்டும் நிமிர்ந்து இருந்தது.

முனீஸ்வரி கிட்டே போய்ப் பார்த்தாள். புள்ளி புள்ளியாக அவள் பெயர் இருந்தது. விளிம்பில் சொட்டை இருந்தது.

"இது எங்கிட்டுருந்து வந்துச்சு பாப்பா?"

"பொட்டங்குளத்துல சோணையம்மாள்னு ஒரு அம்மா குடுத்தாங்கக்கா. அவங்க பையன் ஜல்லிக்கட்டுல இறந்துட்டாரு. அதான் உங்க ஜல்லிக்கட்டு அண்டாவுக்குக் கீழ கட்டினேன்."

"எந்தப் பையன்?"

"அவங்களுக்கு ஒரே பையன்தானாம். பால்பாண்டி."

முனீஸ்வரி அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஸ்ட்ரெச்சரிலிருந்து தொங்கிய கை கண்ணுக்குள் வந்து நின்றது. அந்தக் கைக்கு உயிர் இல்லை என்பது அன்றைக்கே அவளுக்குத் தெரியும். தெரிந்ததை மறைத்து வைக்கத்தான் ஒருத்தர் தேவைப்பட்டார்.

ஜெஸி இதைக் கவனிக்கவில்லை. தன் படைப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுக்கு எதிரே இருப்பவர் முகம் தெரியாது. "பாவம்க்கா அந்த அம்மா. பையன் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆகி, ஒரு நாள் காலைல கேட்ல மஞ்சப்பையில இது தொங்குச்சாம். அவருக்குக் கல்யாணமே ஆகல. அப்ப யாரோ ஒரு பொண்ணோட பழகியிருக்கான், எங்கேயோ எனக்குப் பேரன் இருக்கான்னு தேடிக்கிட்டு இருக்காங்க. பேரு வெட்டிக் குடுக்கிறது அம்மாச்சி வீட்டு வழக்கமாம், அதனால முனீஸ்வரிங்கிறது பொண்ணோட அம்மான்னு சொல்றாங்க. நாலு பேர் கண்ணுல பட்டா அந்த முனீஸ்வரி வந்துருவாங்கன்னுதான் எங்கிட்ட குடுத்தாங்க. தினமும் ரெண்டு பஸ் மாறி வந்து இங்க உக்காந்திருக்காங்க."

ஜெஸிக்கு முனீஸ்வரி 'மாவுக்கார அக்கா'. பெயர் என்னவென்று அவள் கேட்டதே இல்லை.

"இதை மட்டும் ஏன் நிமித்தி வச்ச?"

ஜெஸி குரலைத் தாழ்த்தினாள். "நான் கவுத்துத்தாங்க்கா கட்டினேன். காலைல வந்து பாத்தா நிமிர்ந்திருக்கும். திரும்பக் கவுப்பேன், திரும்ப நிமிர்ந்திருக்கும். கம்பி முறுக்கு விடுதுன்னு நெனைக்கிறேன். இப்ப விட்டுட்டேன்."

முனீஸ்வரி வீட்டுக்கு வந்தபோது மலைச்சாமி செவலைக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே போட்டார்.

"பால்பாண்டி எப்ப செத்தான்?"

"அன்னிக்கே. ஆஸ்பத்திரி வாசல்லயே சொல்லிட்டாக. நீ இங்க தண்ணி பல்லுல படாம கெடந்த. உன்னையும் தூக்கிக் குடுத்துட்டு நான் என்னத்த வச்சுக்கிட்டு இருக்கிறது?"

"தெருவுல அம்புட்டுப் பேத்துக்கும் தெரியும்ல?"

"நான்தான் காலப் புடிக்காத கொறையா ஒவ்வொரு வீடாப் போயிச் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன்."

"அது சரி. கல்யாணம் எதுக்கு? பிள்ளை எதுக்கு?"

"நீ கேட்டுக்கிட்டே இருந்தியே. ஒருத்தன உசுரோட வச்சுட்டா அவன் சும்மாவா இருப்பான்? அவனுக்கு ஏதாச்சும் நடக்கணும்ல." அவர் கீழே கிடந்த வைக்கோலை அள்ளினார். "சொல்லச் சொல்ல எனக்கும் நல்லா இருந்துச்சு முனி. பொய்யின்னு எனக்கே மறந்து போகும்."

"பாலாடை?"

"குப்பையில போட மனசு வரல. பேரு வெட்டியிருக்கு, அதுவும் அந்தப் பேரு. எடுத்துக்கிட்டு எங்கெல்லாமோ சுத்துனேன். கடைசில அந்த வீட்டுக் கேட்லயே மாட்டிட்டு வந்துட்டேன். யாரோ வீடு மாறி வச்சுட்டாகன்னு நெனப்பாகன்னுதான்..."

"அவுக பேரனைத் தேடிக்கிட்டு இருக்காக. பஸ் ஏறி வந்து உக்காந்துருக்காக தினமும்."

மலைச்சாமி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சினார். "சொல்லிராத. அந்தம்மாவுக்கு மிச்சம் அது ஒண்ணுதான்."

"பொய்ய வச்சு எம்புட்டு நாளைக்கு ஓடும்?"

"உனக்கு எம்புட்டு நாள் ஓடுச்சு?"

அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அதைவிடக் கேவலமாக இன்னொன்றும் இருந்தது: பால்பாண்டி செத்ததற்கு வரவேண்டிய அழுகை, சூரியபிரகாஷ் இல்லை என்பதற்குத்தான் வந்தது. பிறக்காத பிள்ளையின் கீழ்ப்பல் ரெண்டையும் நினைத்து அவள் அழுதாள். அப்படி அழுததற்காகத் தன்னையே வெறுத்தாள். விடிந்தால் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் கண்ணை மூடினாள். பெற்றவளை இல்லாத ஒன்றுக்காகப் பஸ் ஏற விடுவது, அந்தப் பையனை இன்னொரு தடவை குத்துவதற்குச் சமம் என்று பட்டது.

மறுநாள் மத்தியானம் பட்டறையில் சோணையம்மாள் மட்டும் இருந்தாள். ஜெஸி டீ வாங்கப் போயிருந்தாள். மெலிந்த உடம்பு, வெளுத்துப்போன சுங்குடிச் சேலை. பிளாஸ்டிக் நாற்காலியைப் பாலாடைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்னத் தூக்குவாளி. முனீஸ்வரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து பாலாடையில் பால் ஊற்றினாள்.

"எங்க வீட்டு மாட்டுப் பாலு தாயி" என்றாள் திரும்பிப் பார்த்து, பார்க்க வந்த யாரோ ஒருத்தி என்று நினைத்து. "அந்தப் பாப்பா திட்டாது. பால்சங்கு வெறுசாத் தொங்கக்கூடாதுல்ல."

தெருவையே ஒரு சத்தத்தில் அடக்குகிற முனீஸ்வரி மெல்லச் சொன்னாள்.

"அம்மா, எம்பேரு முனீஸ்வரி."

சோணையம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். முனீஸ்வரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, முகத்தை, நெற்றியை, கழுத்தை, ஒன்று விடாமல் பார்த்தாள். சம்பந்தியைக் கூப்பிடத் தேடித் தேடி வைத்திருந்த சொல் அவள் வாயில் தயாராக இருந்தது.

"வந்துட்டியா மதினி!"

முனீஸ்வரி தேம்பிவிட்டாள். சோணையம்மாள் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அழுகாத. நான் ஒண்ணும் சண்டைக்கு வரல. உம்மகளையும் கொற சொல்ல மாட்டேன். புள்ளய ஒருக்க கண்ணுல காட்டு, அது போதும். அவன மாதிரியா இருக்கான்? காது அவன் காதா?"

"அம்மா, எனக்கு மகளே இல்ல. புள்ளையும் இல்ல." அவள் நிறுத்தினால் இனி எப்போதும் சொல்லமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது. "நான் மலைச்சாமி பொண்டாட்டி. செவலை எங்க மாடு. இந்த அண்டா அன்னிக்கு எங்களுக்குக் குடுத்தது. உங்க மகன் பொழச்சுக்கிட்டான்னு எம்புருசன் எங்கிட்ட சொன்ன பொய்யி, வளந்து வளந்து கல்யாணம் ஆயி, புள்ள பெத்துருச்சு. நான் நம்பி பாலாடை வாங்கினேன். சூரியபிரகாஷ்னு யாரும் இல்லம்மா. எங்களுக்குப் பொறக்காத பிள்ளைக்கு வச்ச பேரு அது."

சோணையம்மாள் கைகளை விட்டாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று முனீஸ்வரி காத்திருந்தாள். அப்படிச் செய்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்டாவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பாலாடையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பேசாம இரு" என்றாள்.

பட்டறை அடங்கியது. வெளியே ஷேர் ஆட்டோ ஒன்று போய், அதன் சத்தமும் ஓய்ந்தது. தொங்கிக்கொண்டிருந்த எதுவும் அசையவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. விடியற்காலையில், கிரைண்டர் போடுவதற்கு முன்னால், வீட்டு மூலையில் கேட்ட அதே சத்தம். இங்கே அதற்கு மேலே அண்டா கவிழ்ந்திருந்தது. ஆகவே ஒவ்வொரு உறிஞ்சலும் பெரிதாகி, சுற்றி, அவர்கள் காதுக்கு வந்தது. சப்பிச் சப்பி, நடுவில் ஒரு மூச்சு விட்டு, மறுபடி சப்புகிற சத்தம். பல்லி இல்லை. அது எந்த நாளும் பல்லியாக இருந்ததில்லை.

முனீஸ்வரி பாலாடைக்குள் பார்த்தாள். பால் இறங்கிக்கொண்டே வந்து, மூக்கின் நுனியில் ஒரு துளி நின்று, அதுவும் போனது. சில்வரில் அவள் முகம் தெரிந்தது.

"தெனம் இப்படித்தான்" என்றாள் சோணையம்மாள். "பொய்யின்னு சொல்ற. பொய்யிக்குப் பசிக்குமா மதினி?"

ஓடிவிட வேண்டும் என்று முனீஸ்வரியின் கால் சொன்னது. வீட்டு அண்டாவில் எத்தனை காலமாகப் பிள்ளை வெறும் தண்ணீரைக் குடித்துக் கிடந்திருக்கிறது, ஒரு வாய் பால் இல்லாமல், லைட்டைப் போட்டால் பயந்து நிறுத்திக்கொண்டு. அந்த நினைப்பு வந்ததும் காலில் இருந்த பயம் எங்கோ போனது. கவிழ்ந்த அண்டாவுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு சிணுங்கல் வந்தது.

அவள் குனிந்து தூக்குவாளியை எடுத்தாள். வாளி பாலாடையில் இடித்தது.

"மெல்ல ஊத்து மதினி" என்றாள் சோணையம்மாள். "பொரை ஏறிரும்."

முனீஸ்வரி மெதுவாக ஊற்றினாள்.